வேறுபடுத்துக

பேரணாம்பட்டு எடைமேடைக் கூண்டில்
இரவுப் பணி எனக்கு.
குரூப் ஃபோர் தேர்வுக்கு இன்னும் பதினேழு நாள்.
மடியில் அறிவியல் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று:
தாவரத்தையும் விலங்கையும் வேறுபடுத்துக.

ஒன்று.
தாவரம் இடம்பெயராது. விலங்கு இடம்பெயரும்.

பத்தே முக்காலுக்குத் தீர்த்தகிரியின் லாரி
மேடையேறி நின்றது.
ஆவாரம்பட்டை, கட்டுக்கட்டாக,
ஊத்தங்கரைச் செம்மண் இன்னும் உதிராமல்.
அவன் இறங்கிப் பீடி பற்றவைப்பதற்குள்
பின்னாலேயே அல்தாப்பின் லாரி, ஹாரன் அடித்தபடி.
ஆட்டுத்தோல்.
உப்பு தூவி, நான்காக மடித்து,
மயிர்ப்பக்கம் வெளியே தெரிய.

இரண்டும் இடம்பெயர்ந்துதான் வந்திருக்கின்றன.
இரண்டுமே தானாக வரவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இரண்டு.
தாவரம் தன் உணவைத் தானே தயாரிக்கும்.
விலங்கு தாவரத்தை உண்ணும்.

உண்மைதான். ஆடு எதைத்தான் விட்டது?
வேலிக் கருவேலங்காய், பசை காயாத போஸ்டர்,
போன வருஷம் என் ஹால் டிக்கெட்டில் பாதி.
ஆனால் ஆவாரை என்றால்
முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்து நகர்ந்துவிடும்.
குடியாத்தம் ரோட்டில் பஸ் ஜன்னலில் பார்ப்பேன்:
சுற்றிலும் மொட்டையாக மேய்ந்த தரை,
நடுவில் அது மட்டும்
மஞ்சள் மஞ்சளாக, யாரையோ சீண்டுவதுபோல.

என்னைத் தின்னாதே என்று
செடி சேர்த்துவைத்த துவர்ப்பு.
அதே துவர்ப்புதான் குழியில் கரைந்து
தோலிடம் சொல்கிறது, அழுகாதே.
வாழ்நாளெல்லாம் வாய் வைக்காத ஆடு
செத்த பிறகு வாரக்கணக்கில்
அதைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது.
இதில் யார் யாரை உண்டார்கள்?
புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று, செல்சுவர். படித்தேன்.
நான்கு, பச்சையம். படித்தேன்.
ஐந்தைப் படிக்குமுன் தீர்த்தகிரி ஜன்னலைத் தட்டினான்.
"எப்சிபாக்கா, சீட்டு."

பொருள் என்ற இடத்தில்
கம்ப்யூட்டர் எனக்கு ஒரே வார்த்தைதான் தருகிறது,
பட்டைக்கும் தோலுக்கும்:
கச்சாப் பொருள்.
டாட் மேட்ரிக்ஸ் கிறீச்சிட்டு அச்சடித்தது.
அவனுக்கு ஐந்தாயிரத்து முந்நூறு கிலோ.
அல்தாப்புக்கு மூவாயிரத்து நூற்று எண்பது.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ
என்று கேட்கிறது பழமொழி.
கண்டதுண்டு.
நிகர எடையோடு கண்டதுண்டு.
பூ இருந்த கொம்பையும் சேர்த்தே கண்டதுண்டு.

"வெட்டின இடத்துல மறுபடி வருமா?"
சும்மாதான் கேட்டேன்.
"வேரை விட்டுட்டுத்தான் வெட்டுவோம்.
அடுத்த மழைக்கு முட்டி உயரம் நிக்கும்," என்றான் தீர்த்தகிரி.
அல்தாப்பைப் பார்த்தேன்.
அவன் தன் லோடைப் பார்த்தான்.
மூவரும் வேறு எதையோ பேச ஆரம்பித்தோம்,
டீசல் விலை என்று நினைக்கிறேன்.

ஆறாவது வேறுபாட்டை நானே எழுதிக்கொண்டேன்.
தேர்வில் எழுதினால் மதிப்பெண் வராது.

விடியற்காலை ஐந்தரை.
லாரிகள் இரண்டும் காலியாகத் திரும்பிப் போய்விட்டன.
மேடையின் இரும்புத் தகட்டில்
சிந்திய உப்பு, உதிர்ந்த பட்டைச் சில்லு.
துடைப்பத்தை எடுக்கப் போனேன்.

அதற்குள் எங்கிருந்தோ ஒரு கருப்பு வெள்ளாடு.
கழுத்தில் அறுந்த கயிறு, ஒரு காது மடங்கியிருந்தது.
மேடையேறிக் குனிந்து
உப்பை நக்க ஆரம்பித்தது,
ஒரு பருக்கை விடாமல், நிதானமாக.
யாருடைய தோலிலிருந்து விழுந்த உப்பு என்று
அது கேட்கவில்லை.
பட்டைச் சில்லுகளை மட்டும்
மூக்கால் தள்ளித் தள்ளி ஒதுக்கியது.

திரையில் எண் ஆடி ஆடி நின்றது:
20.

அச்சடிக்கவா என்று கேட்டது கம்ப்யூட்டர்.
வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
அது நக்கி முடிக்கும்வரை
காத்திருந்தேன்.